எட்டடிப் பலகையா, சுவரோரத் தட்டா?

எங்கள் வீட்டுக் கூடம் 14 அடிக்கு 10 அடி. புதுச்சேரி லாஸ்பேட்டையில் முதல் மாடி, வாடகை வீடு. ஜன்னலோரம் மகளின் படிப்பு மேசை. பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் மனைவியின் தையல் இயந்திரம். தெற்குச் சுவரில் பீரோ, எதிரே சோபா. இரவு ஒன்பது மணியானால் நடுக்கூடத்தில் அம்மா பாய் விரித்துவிடுவார். புரட்டாசியில் ஒன்பது நாள் கொலு. இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரு ரயில் ஓட வேண்டும்.

மாதிரி ரயில் அமைக்கப்போகிறேன் என்று சொன்னால், தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு இடம் இருக்கிறது என்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஓட்டி முடித்தபின் அந்த இடத்தை யாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதுதான். தனி அறை உள்ளவருக்கு இந்தக் கேள்வியே இல்லை. அவர் பாதி கட்டிய பாலத்தை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். கூடத்தைப் பகிர்ந்துகொள்பவரால் முடியாது. எடுத்து வைக்க இருபது நிமிடம் பிடிக்கும் ரயிலை முதல் மாதம் தினமும் ஓட்டுவோம், இரண்டாம் மாதம் ஞாயிறுதோறும், அதற்குப் பிறகு விருந்தாளிக் குழந்தைகள் வந்தால் மட்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். 

என் முன்னால் இருந்த வழிகள் ஐந்து. ஒன்றிரண்டைப் பார்த்த மாத்திரத்திலேயே தள்ளிவிட்டேன். மற்றவற்றோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன்.

எச்ஓவும் என்-ஸ்கேலும்

அளவைப் பேசாமல் இடத்தைப் பேச முடியாது. உலகத்தில் அதிகம் புழங்கும் எச்ஓ, அசலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். என்-ஸ்கேல் 160இல் ஒரு பங்கு, 9 மில்லிமீட்டர். பிரிட்டன்காரர்களின் ஓஓ, எச்ஓவின் அதே தண்டவாளத்தில் சற்றே பெரிய வண்டிகளை ஓட்டுவது. இசட் என்று ஒன்று உண்டு, 220இல் ஒரு பங்கு. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுகிற எனக்கு அது வேண்டாம்.

இந்தக் கணக்கை நம் வண்டிகளுக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். இப்போதைய எக்ஸ்பிரஸ் வண்டிகளில் வரும் எல்எச்பி வகைப் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 23.5 மீட்டர். எச்ஓவில் அது 27 சென்டிமீட்டர், என்-ஸ்கேலில் 14.7. இணைப்புகளோடு சேர்த்து 20 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்றை எச்ஓவில் நிறுத்தினால் ஐந்தரை மீட்டர். என் கூடத்தின் நீளச் சுவரோ 4.27 மீட்டர்தான். எஞ்சின் சுவரில் முட்டும்போது கார்டு இன்னும் பக்கத்து வீட்டில் இருப்பார். என்-ஸ்கேலில் அதே வண்டி மூன்று மீட்டரில் அடங்கிவிடும், ஆனால் அப்போதும் சுவரில் முக்கால்வாசியை அது ஒன்றே விழுங்கிவிடும். ஆகவே எந்த அளவை எடுத்தாலும் முழு எக்ஸ்பிரஸ் என்ற ஆசையை முதலிலேயே மூட்டை கட்டிவிட வேண்டும். நான்கைந்து பெட்டிப் பாசஞ்சர், அல்லது கூட்ஸ்.

நீளத்தைக் காட்டிலும் மோசமான எதிரி வளைவு. இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் வண்டி எப்படியோ போய்விடும். மூன்று மடங்கு இருந்தால் நம்பி ஓட்டலாம். ஐந்து மடங்கு இருந்தால்தான் பார்க்க அழகு. எச்ஓவில் எல்எச்பிக்கு அந்த மூன்று மடங்கே 81 சென்டிமீட்டர் ஆரம். அதாவது வட்டத்தின் குறுக்களவு மட்டும் ஐந்தடிக்கு மேல். என்-ஸ்கேலில் 44 சென்டிமீட்டர் போதும். வட்டமடிக்கும் ரயில்தான் வேண்டுமென்றால், சின்ன வீட்டில் என்-ஸ்கேலைத் தவிர வேறு யோசிப்பது வீண் என்பது என் கட்சி.

நம் ஊர் ரயிலை அப்படியே கொண்டுவர நினைப்பவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. 16.5 மில்லிமீட்டரை 87ஆல் பெருக்கினால் 1435 வரும். அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் அகலம். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். எச்ஓவில் அது 19 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் நம் பெட்டியை வைத்தால், தாட்டியான ஆள் பிள்ளைகளின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். ஒரு வாரம் உறுத்தியது. பிறகு பக்கவாட்டில் இருந்துதானே பார்க்கிறோம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் என் மனம் இருந்தது மீட்டர்கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலமே உள்ள பழைய பாதையில். சிறுவயதில் நான் பார்த்த திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனும் கடலூர் துறைமுகம் சந்திப்பும் மீட்டர்கேஜ் காலத்தவை; விழுப்புரம் - மயிலாடுதுறைத் தடம் 2010இல்தான் அகலப்பாதையாக உயிர் பெற்றது. 120இல் ஒரு பங்கு அளவில் கட்டினால், 9 மில்லிமீட்டர் தண்டவாளமே மீட்டர்கேஜுக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். ஆனால் வண்டியின் உடல் முழுவதையும் கையாலேயே செய்தாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாளை மடித்து டைரியில் வைத்திருக்கிறேன்.

எட்டுக்கு நான்கு பலகை

பிளைவுட் கடையில் முழுப்பலகை என்றால் எட்டடிக்கு நான்கடி. அதனாலேயே உலகம் முழுக்க இது மாதிரி ரயிலின் பாடப்புத்தக அளவாக ஆகிவிட்டது. வெட்ட வேண்டாம், அப்படியே மேசைமேல் போட்டு ஒரு நீள்வட்டம் போட்டால் அன்று மாலையே ரயில் ஓடும். இதன் ஒரே பெருமை அதுதான்.

வாங்குவதற்கு முன் மொட்டைமாடியில் சாக்பீஸால் அதை உண்மை அளவில் வரைந்து பார்த்தேன். இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம். தாளில் எல்லாப் பலகையும் சின்னதாகத்தான் தெரியும். முதலில் கூடத்தின் சுவர், கதவு திறக்கும் வளைவு, சோபா, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் கோடு போட்டேன். பிறகு பலகை. அப்போதுதான் ஒன்று புரிந்தது. மனிதன் நின்றபடி கையை நீட்டினால் வசதியாக எட்டுவது இரண்டரை அடி. நான்கடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிவைத்தால் பின்பக்கத்தில் கவிழ்ந்த வேகனை எடுக்க மலையையும் மரத்தையும் நசுக்கிக்கொண்டு படுக்க வேண்டும். சுற்றி நடக்க இரண்டடி விட்டாலோ, பலகையும் நடைபாதையும் சேர்ந்து கூடத்தையே எடுத்துக்கொள்ளும். மகள் என் சாக்பீஸ் கோட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பாட்டி எங்கே படுப்பாள் என்று கேட்டாள். நான் சோபாவை அழித்துப் பார்த்தேன். அப்போதும் இடமில்லை.

அது போகட்டும், இவ்வளவு இடத்தைக் கொடுத்து என்ன கிடைக்கிறது? நான்கடி அகலத்தில் ஓரம் விட்டுப் போட முடிகிற மிகப் பெரிய வளைவு 56 சென்டிமீட்டர் ஆரம். எச்ஓ எல்எச்பிக்கு இரண்டு மடங்குக் கணக்கே 54. எப்படியோ போய்விடும் என்ற கடைசி வகுப்பில்தான் தேறுகிறது. வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்ளே தள்ளிக்கொண்டும் முனைகள் வெளியே துருத்திக்கொண்டும் நிற்கும். 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழுப்பலகை முப்பது கிலோவைத் தாண்டும். அதைத் தினமும் சுவரில் சாய்த்து வைக்கலாம் என்று சொல்பவர், வீட்டில் இரண்டு ஆள் எப்போதும் சும்மா இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்.

இதே பலகையில் என்-ஸ்கேல் போட்டால் அருமையாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வளைவு கிட்டத்தட்ட நான்கு மடங்கு வரும். மாடியில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும்.

கட்டிலடிப் பலகை

இதை நான் செய்தவன். அப்போது ரெயின்போ நகரில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். கட்டிலுக்கு அடியில் ஓரடி உயரம் இருந்தது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் எம்டிஎஃப் பலகை ஒன்றை வெட்டி, நான்கு மூலையிலும் சின்னச் சக்கரம் வைத்து, இழுத்தால் வெளியே வரும்படி செய்தேன். என்-ஸ்கேலில் ஒரு நீள்வட்டம், உள்ளே வண்டி விலகி நிற்க ஒரு லூப் லைன், வேகன் நிறுத்த ஒரு முனை மூடிய சைடிங் இரண்டு. தண்டவாளம் ஜப்பானியக் கம்பெனியான காட்டோவினது; அடிமணை சேர்ந்தே வருவதால் துண்டுகளைச் சொருகினாலே பாதை தயார்.

இந்த வகையின் சாதகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாருடைய இடத்தையும் பிடிப்பதில்லை. இழுத்தால் ஸ்டேஷன், தள்ளினால் படுக்கையறை. எடுத்துவைக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. பெண்ணுக்கும் பிடித்திருந்தது, வண்டி நிற்காமல் சுற்றுகிறதே.

ஆனால் ரயில் தரையில் இருக்கிறது. அதைப் பார்க்க நாமும் தரைக்குப் போக வேண்டும். குப்புறப் படுத்தால்தான் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தெரியும். நின்று பார்த்தால் ஹெலிகாப்டரில் போகும் அமைச்சர் பார்வைதான். அரை மணி நேரத்துக்குள் முட்டி பிடித்துக்கொள்ளும். மேலே மெத்தையிலிருந்து பஞ்சுத்தூசி, தரையில் முடி, இரண்டும் என்-ஸ்கேல் எஞ்சினின் பற்சக்கரத்தைத் தேடிப் போய்ச் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒரு முறை கிடுக்கியால் முடி பிடுங்கியதில் எனக்குச் சிகையலங்காரமே கைவந்துவிட்டது. பலகைக்கு ஒரு துணி உறையாவது அவசியம், நான் போடவில்லை.

கடைசியில் அதைத் தீர்த்துக்கட்டியது தூசி இல்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, கிளம்ப மனமில்லாமல் அங்கேயே நின்று கொட்டியது. விடிவதற்குள் தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தாண்டிவிட்டது. அரிசி மூட்டை, சான்றிதழ்கள், அம்மாவின் மருந்து, தையல் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் ஏற்றினோம். கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது என் நினைவுக்கு வந்தது காலை ஒன்பது மணிக்கு. எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசையில் அழுத்திய பலகை. தண்ணீர் குடித்தால் ஊறிய பொரைபோல் உப்பிப் பிளந்துவிடும். எஞ்சினும் பெட்டிகளும் பீரோவின் மேல்தட்டில் இருந்ததால் பிழைத்தன. தண்டவாளத்தைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தேன், பாதி தேறியது.

அதனால் தரைத்தளவாசிகளுக்கு, அதிலும் மழை வந்தால் நீர் தேங்கும் தெருக்களில் இருப்பவர்களுக்கு, கட்டிலடி வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். மேல்மாடியில், உயரமான கட்டில், வலுவான முட்டி, பத்து வயதுப் பிள்ளை ஆகிய மூன்றும் இருந்தால் இதைவிட மலிவான வழி கிடையாது. பலகை மட்டும் நீருக்குத் தாங்கும் பிசின் போட்ட பிளைவுட்டாக இருக்கட்டும். கடையில் 710 கிரேடு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

தள்ளிவைத்த இரண்டு

சுவரில் கீல் வைத்து மடிக்கும் பலகை ஒன்று. பகலில் நிமிர்த்திப் பூட்டினால் ஒரு பெரிய படச்சட்டம்போல் நிற்கும். மாலையில் இறக்கினால் ரயில். படத்தில் பார்க்கும்போது மயங்கித்தான் போனேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லா வண்டிகளையும் இறக்கிப் பெட்டியில் வைத்தாக வேண்டும், மரம் வீடு எல்லாம் உடும்பாக ஒட்டியிருக்க வேண்டும், கீலும் சங்கிலியும் சுவரில் ஆழமாக இறங்க வேண்டும். வீட்டுக்காரர் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்ததற்கே முகம் சுளித்தவர். சொந்த வீடு உள்ளவர்கள் யோசிக்கலாம்.

இன்னொன்று, பரண் உயரத்தில் அறையைச் சுற்றி ஓடும் ரயில். யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதால் அம்மாவுக்கு இதுதான் பிடித்திருந்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஏழடி உயரத்தில் ஓடும் வண்டியின் அடிவயிறு மட்டுமே தெரியும், தடம் புரண்டால் நேராக மொசைக் தரை, நடுவில் மின்விசிறி வேறு. அது ஓட்டல் வரவேற்பறைக்கு ஏற்ற அலங்காரம். வண்டியை ஓட்ட விரும்புகிறவனுக்கு அதில் வேலை ஒன்றும் இல்லை.

சுவரோரத் தட்டு

இனி என் மனம் சாய்ந்த இடத்துக்கு வருகிறேன். ஓரடி, மிஞ்சினால் ஒன்றேகாலடி அகலத்தில் சுவரை ஒட்டி ஒரு நீளத் தட்டு. வட்டம் கிடையாது. வண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும், திரும்பி வரும். கேட்டவுடன் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள், நானும் பிதுக்கியவன்தான். இவ்வளவுதானா, முன்னும் பின்னுமா?

யோசித்துப் பார்த்தால், சின்ன வயதில் நான் மணிக்கணக்கில் நின்று பார்த்தது எதை? கடலூர் துறைமுகம் சந்திப்பில் மாமாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பார்த்தது, வேகமாகப் போன எந்த எக்ஸ்பிரசையும் இல்லை. ஓர் எஞ்சின் வேகன்களைப் பிடித்து இழுத்துவந்து, வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட் மாறியதும் பின்னுக்குத் தள்ளி, இரண்டைக் கழற்றிவிட்டு, மறுபடி மூன்றை இழுத்து வந்ததை. ஷண்டிங். மாமா பீடி முடித்து டீ முடித்த பிறகும் நான் இறங்க மாட்டேன் என்றேன். அந்த வேலைக்கு வட்டப்பாதை எதற்கு? ஓரடி அகலம் அதற்குத் தாராளம்.

இதற்கென்றே ஒரு பழைய அமைப்பு இருக்கிறது. பிரிட்டனின் ஆலன் ரைட் என்பவர் வகுத்த இங்கிள்நுக் சைடிங்ஸ். இரண்டே பாயிண்டுகள், மூன்று தடங்கள். ஒரு தடத்தில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போக ஒரு ஷண்டிங் நெக். அதன் நீளம் எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கிற அளவுதான், அதற்கு மேல் ஓர் அங்குலமும் கூடாது. மொத்தம் எட்டு வேகன்கள். அவற்றில் ஐந்தைக் குலுக்கல் முறையில் எடுத்து, வந்த வரிசையிலேயே நீளமான தடத்தில் ரயிலாகக் கோத்து நிறுத்த வேண்டும். பதினொரு வேகனுக்கு இடம், எட்டு வேகன் இருப்பு. மீதமுள்ள மூன்று காலி இடத்தில்தான் எல்லா விளையாட்டும். எட்டில் ஐந்தை வரிசையோடு எடுக்க 6720 வழிகள் உண்டு. தினம் ஒன்று போட்டாலும் பதினெட்டு வருடம் ஓடும். என் மகளின் கல்யாணம் வரை கவலை இல்லை.

இதை நம் வண்டிகளுக்கு அளந்து பார்த்தேன். நிலக்கரி ஏற்றும் கூரையில்லாத பாக்ஸ்என் வேகன் ஒன்று இணைப்போடு 10.7 மீட்டர், எச்ஓவில் 12.3 சென்டிமீட்டர். பழைய டபிள்யூடிஎம் டீசல் எஞ்சின் 17 மீட்டர் சொச்சம். எச்ஓவில் இருபதுக்கு ஒரு நூல் குறைவு. ஆக ஷண்டிங் நெக் 57 சென்டிமீட்டர், ஒரு பாயிண்ட் 18 அல்லது 19, ஐந்து வேகன் தடம் இடைவெளியோடு 72. கூட்டினால் ஐந்தடிக்குள். என்-ஸ்கேலில் மூன்றடியே போதும். ஆனால் இங்கேதான் நான் கட்சி மாறினேன். ஷண்டிங் என்பது கையும் கண்ணும் சம்பந்தப்பட்ட வேலை. வேகனைக் கழற்ற, இணைப்பின் நடுவே மூங்கில் குச்சியின் கூர்முனையை விட்டுத் திருக வேண்டும். என்-ஸ்கேலில் அது கடுகை உரிக்கிற வேலை. வளைவே இல்லாத இடத்தில் எச்ஓவுக்கு இருந்த ஒரே குறையும் போய்விட்டது, பிறகு எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது? இன்னொரு நல்ல பொருத்தமும் உண்டு. கைவிரல் கோத்ததுபோல் பூட்டிக்கொள்ளும் நடு இணைப்புதான் அசல் பாக்ஸ்என்னிலும் இருப்பது, அமெரிக்க எச்ஓ வண்டிகளிலும் இருப்பது. தோற்றம் கெடாது.

தட்டை எங்கே வைப்பது? சுவரில் துளை போடக்கூடாது என்பதால், மூன்றரை அடி உயரத்தில் ஒரே மாதிரியான இரண்டு புத்தக அலமாரிகளை வடக்குச் சுவரை ஒட்டி இடைவெளி விட்டு நிறுத்தி, அவற்றின் மேல் ஆறடிக்குப் பதினான்கு அங்குலம் பலகை. இந்த ஊரில் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளக்கூடிய வேலை. அடியில் புத்தகம், நடு இடைவெளியில் மகளின் பள்ளிப்பை, மேலே ரயில். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்மட்டத்துக்குச் சற்றே கீழே தண்டவாளம். ஓட்ட வேண்டுமானால் மேலே போட்ட துணியை எடுக்க வேண்டும். வேகன்கள் நேற்று நின்ற இடத்திலேயே நிற்கும். அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்தேன். இரவு அம்மா பாய் விரித்த பிறகும் பத்து நிமிடம் ஓட்ட முடிகிறது. வெறும் பிளைவுட் மேல் தண்டவாளத்தைப் போட்டால் மிருதங்கம்போல் அதிரும் என்பதால், பழைய யோகா பாயைக் கீற்றாக நறுக்கி அடியில் ஒட்டியிருக்கிறேன். அம்மாவின் குறட்டைதான் இப்போது கூடத்தில் பெரிய சத்தம். இதை அவரிடம் சொல்லவில்லை.

புதுச்சேரி ஸ்டேஷனையே வைத்தால்?

தட்டிலேயே இன்னொரு திட்டம் போட்டுவைத்திருந்தேன். 1879இல் வந்த விழுப்புரம் - புதுச்சேரிப் பாதை 38 கிலோமீட்டர்; வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாக வந்து இங்கே முடிந்துவிடும். கடலுக்கு முன்னால் கடைசி ஸ்டேஷன். இப்படித் தடம் முடியும் ஸ்டேஷன் சின்ன இடத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். வண்டி வரும், எஞ்சின் கழன்று பக்கத்துத் தடம் வழியாகச் சுற்றி மறுமுனைக்குப் போய் மாட்டிக்கொள்ளும், கிளம்பும். மறுபக்கம் விழுப்புரத்துக்குப் பதிலாக அலமாரிக்குப் பின்னால் மறைவாக ஒரு தட்டு. போன வண்டி அங்கே காத்திருந்து திரும்பி வரும்.

இதற்கு என்-ஸ்கேல்தான் சரி. எல்எச்பிக்கு முந்தைய, சற்றே குட்டையான ஐசிஎஃப் வகைப் பெட்டி ஐந்தும் எஞ்சினும் 80 சென்டிமீட்டர். பிளாட்பாரம், எஞ்சின் திரும்பும் இடம், பாயிண்டுகள், மறைவுத் தட்டு எல்லாம் சேர்த்து ஏழெட்டடி. எச்ஓவில் கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் போக வேண்டியிருக்கும். என் வடக்குச் சுவரில் ஏழடிக்கு அப்பால் ஜன்னல் தொடங்குகிறது, ஜன்னலடியில் படிப்பு மேசை. மேசையை இரண்டடி நகர்த்தலாமா என்று கேட்டதற்கு, தேர்வு முடியட்டும் என்று பதில் வந்தது. எந்தத் தேர்வு என்று சொல்லப்படவில்லை.

பிரயாணிகள் வண்டியை விரும்புகிறவர்கள், பாக்ஸ்என் வேகனில் கவிதை காணாதவர்கள், இந்த வழிக்குப் போகலாம். நீளம் மட்டும் இருந்தால் இது என் இங்கிள்நுக்கைவிட ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

உப்புக்காற்றும் கொலுவும்

எந்த வழியை எடுத்தாலும் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சில செலவுகள் பொது. எஃகுத் தண்டவாளம் மலிவாகக் கிடைக்கும், வாங்கக்கூடாது. இங்கே ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். நிக்கல் சில்வர் என்று கேட்க வேண்டும். பெயரில் மட்டும்தான் வெள்ளி. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. அதிலும் படலம் படியும், ஆனால் துணியில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போய்விடும். மெதுவாக ஓட வேண்டிய ஷண்டிங் எஞ்சினுக்கு இந்தச் சுத்தம் மிக முக்கியம், வேகமாகச் சுற்றும் வண்டி அழுக்கைத் தாண்டிக் குதித்துவிடும், ஊர்ந்து போவது நின்றுவிடும். மரப்பலகை ஐப்பசி மழையில் ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கும். தண்டவாள இணைப்புகளில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி விடாவிட்டால் பாதை நெளிந்துவிடும். கரையான் மருந்தைப் பலகையின் அடிப்பக்கத்தில் முதலிலேயே பூசிவிடுங்கள்.

டிசிசி என்கிற டிஜிட்டல் கட்டுப்பாடு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்ட அது அற்புதமானது. என்னிடம் ஓர் எஞ்சின்தான். 12 வோல்ட் சாதாரணக் கட்டுப்பாட்டுப் பெட்டி போதும்.

மீதி இருந்தது இரண்டு பேரின் குறை. அம்மாவுக்குக் கொலு, மகளுக்கு வட்டமடிக்கும் ரயில். கொலுப்படிகள் நிற்பது அதே வடக்குச் சுவரில்தான். ஆகவே ஆறடிப் பலகையை ஒரே துண்டாகச் செய்யாமல், நடுவில் போல்ட் போட்டு இணைக்கிற மூன்றடித் துண்டுகள் இரண்டாகச் செய்யச் சொன்னேன். தண்டவாளம் மூட்டில் சரியாகச் சேர வேண்டும் என்பதால் இது கூடுதல் தலைவலி. ஆசாரி இரண்டு முறை வந்து போனார். ஆனால் ஒன்பது நாளுக்குக் கழற்றி பீரோமேல் ஏற்றிவிடலாம். அதே நாட்களில், வெள்ளத்தில் தேறிய காட்டோத் தண்டவாளம் படிகளுக்குக் கீழே கொலுப் பூங்காவில் வட்டமாக இறங்கும். முளைப்பாரிக்கும் செட்டியார் பொம்மைக்கும் நடுவே என்-ஸ்கேல் வண்டி சுற்றும். செட்டியார் அதைவிட மூன்று மாடி உயரம். யாரும் அளவுவிகிதம் கேட்கவில்லை.

வேகன்களுக்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஏற்ற நினைத்து, ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கையை மாடியில் நன்றாகக் காயவைத்து, பசையில் தோய்த்து ஒட்டியிருக்கிறேன். நிறம் அச்சு அசல். சரியாகக் காயாத முதல் வேகன் பூசணம் பூத்தது, அதைத் தனியாக வைத்திருக்கிறேன்.

குலுக்கலுக்குப் புளியங்கொட்டைகள். எட்டிலும் வெள்ளை மையால் எண் எழுதி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறோம். படுக்கப் போகும் முன் அம்மாதான் ஐந்தை எடுத்துத் தருவார். நேற்று எடுத்தது 7, 2, 5, 8, 1. ஏழாம் வேகன் சைடிங்கின் கோடியில் நிற்கிறது, அதற்கு முன்னால் இரண்டு வேகன்கள். ஷண்டிங் நெக்கில் மூன்றுக்கு மேல் கொள்ளாது. மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு, முதலில் நான்காம் வேகனை வெளியே எடுங்கள் அப்பா என்கிறாள். எனக்கு ஆறாம் வேகனை எடுக்க வேண்டும் என்று படுகிறது.